ஒரு சந்திப்பிலிருந்து தொடங்குங்கள்: நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் பாதுகாப்பான சாலையைக் கேட்டுப் பெறும் வழி

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகச் சாலைகளில் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள், மிதிவண்டியில் சென்றவர்கள், மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடத்தில் நிற்பதும் சாலை விபத்துதான். இந்த நிலைமையை அறியாத அதிகாரியோ மக்கள் பிரதிநிதியோ அநேகமாக எங்கும் இல்லை. இருந்தும் பள்ளிக்கு எதிரேயுள்ள சந்திப்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. பெரும்பாலான மனுக்கள் "சாலையைப் பாதுகாப்பானதாக மாற்றித் தாருங்கள்" என்று கேட்பதே இதற்கு ஒரு முக்கியக் காரணம். அத்தகைய மனுவை யாரும் மறுக்கமாட்டார்கள், யாரும் நிறைவேற்றவும் மாட்டார்கள். எந்த மேசையில் எந்த வேலை தொடங்க வேண்டும் என்பது அதில் இல்லை.

ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை, அதைச் செய்யும் அதிகாரம் படைத்த அலுவலகத்திடம், சான்றுகளோடு கேட்டு, பணி முடியும்வரை விடாமல் பின்தொடர்வதே பலன் தரும் முறை. அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாக இங்கே பார்க்கலாம்.

முதல் படி: கேள்வியை மாற்றிக்கொள்ளுதல்

ஒரு விபத்து நடந்தவுடன் "தவறு யாருடையது?" என்று கேட்பது இயல்பு. காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தக் கேள்வி தேவை. சாலையை மாற்ற முனைவோருக்கு அது போதாது. மனிதர்கள் அவ்வப்போது கவனம் சிதறுவார்கள், குழந்தைகள் ஓடுவார்கள், முதியவர்கள் மெதுவாக நடப்பார்கள். ஆகவே, அப்படிப்பட்ட ஒரு சிறு தவறு உயிரிழப்பில் முடியும்படி இந்த இடத்தின் வடிவமைப்பில் எது இருக்கிறது என்றுதான் நாம் கேட்க வேண்டும். சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட "பூஜ்ய இலக்கு"க் கொள்கையின் அடிப்படையும் இதுவே: தவறு செய்வது மனித இயல்பு என்பதால், அத்தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது அதை வடிவமைப்போரின் பொறுப்பு.

இதற்குச் சில எண்களை மனத்தில் வைத்திருப்பது பயன் தரும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், உலர்ந்த சாலையில் அந்த ஒரு விநாடியையும் சேர்த்து ஏறத்தாழ 13 மீட்டருக்குள் நின்றுவிடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் காரோ அந்த ஒரு விநாடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடும். அதாவது, 13 மீட்டர் தொலைவில் ஒரு சிறுமி சாலையில் இறங்கினால், முதல் கார் அவளுக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது கார் வேகம் சற்றும் குறையாமல் மோதும். இரு ஓட்டுநர்களும் ஒரே அளவு கவனமானவர்களே. இந்தக் கணக்கை ஒரு கூட்டத்தில் நிதானமாகச் சொன்னால், "மக்களுக்கு ஒழுக்கம் இல்லை" என்ற பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

சாலைப் பாதுகாப்பு இயக்கங்களில் மிகவும் பயன் விளைத்த ஒன்றின் வரலாறும் இதையே காட்டுகிறது. நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அப்போது எழுந்த பெற்றோர் இயக்கம், "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற கடுமையான பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. குழந்தைகளுக்குச் சாலை விதிகளைக் கற்றுக்கொடுங்கள் என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தெருக்களின் அமைப்பையே மாற்றச் சொன்னார்கள், மாற்று வரைபடங்களையும் முன்வைத்தார்கள். 1973-இல் வந்த எண்ணெய் நெருக்கடியும் அவர்களுக்குத் துணைநின்றது. இன்று உலகமே வியக்கும் டச்சு மிதிவண்டிப் பாதைகள் ஏதோ இயற்கையாக அமைந்தவை என்று கருதுவோர் இந்தப் பின்னணியை அறிந்துகொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாலை வடிவமைப்பை மாற்றச் சொல்லி நீங்கள் போய் நின்றால், விழிப்புணர்வு முகாம், தலைக்கவச விநியோகம், மாணவர் உறுதிமொழி, சுவரொட்டி ஆகியவற்றை அலுவலகங்கள் பதிலாக முன்வைக்கும். அவற்றில் தீங்கு ஒன்றுமில்லை; ஆனால் அவை உங்கள் கோரிக்கைக்கு மாற்று அல்ல. முகாமுக்கு நன்றி சொல்லுங்கள், பிறகு அதே கடிதத்தில் கோரிக்கையின் நிலை என்ன என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஊர் முழுவதையும் மாற்றும் ஆசை இருக்கலாம்; தொடக்கம் ஒரு சந்திப்பாகவோ அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலைத் துண்டாகவோ இருக்கட்டும். மிகவும் ஆபத்தான இடத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பதில்லை. அது பெரும்பாலும் பல வழித்தடங்கள் கொண்ட நெடுஞ்சாலையாக இருக்கும். அதை மாற்றப் பல துறைகளின் ஒப்புதலும் பெருநிதியும் தேவைப்படும். புதிய குழு ஒன்று அங்கே களைத்துப்போகும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், சந்தை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஒட்டி, பலரும் நடந்து செல்லும், ஆனால் சிறு செலவில் திருத்தக்கூடிய இடமே முதல் முயற்சிக்கு ஏற்றது. முதல் வெற்றி கிடைத்த பிறகு நெடுஞ்சாலையைப் பற்றிப் பேச உங்களுக்குக் கூடுதல் ஆட்களும் கூடுதல் மதிப்பும் இருக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்த கையோடு, அந்தச் சாலை யாருக்குச் சொந்தம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாத குழுக்கள் மாதக்கணக்கில் தவறான வாசலில் நிற்கின்றன. ஒரே சந்திப்பில் ஒரு சாலை உள்ளாட்சிக்கும், மற்றொன்று நெடுஞ்சாலைத் துறைக்கும், சிக்னலின் நேரம் காவல்துறைக்கும், விளக்குக் கம்பம் மின்துறைக்கும் உரியதாக இருக்கக்கூடும். எந்தப் பகுதி யாருடையது என்பதை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், "இது எங்கள் எல்லைக்குள் வராது" என்ற பதிலுக்கு இடமிருக்காது.

மூன்றாம் படி: குழுவை அமைத்தல்

தொடர்ந்து உழைக்கக்கூடிய ஐந்தாறு பேர் போதும். ஆனால் அந்த ஐந்தாறு பேரும் ஒரே மாதிரியானவர்களாக இருக்கக் கூடாது. வார இறுதியில் நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டும் ஆர்வலர்கள் மட்டும் கூடிய குழுவை அதிகாரிகள் ஒரு பொழுதுபோக்குச் சங்கமாகவே பார்ப்பார்கள். பள்ளிக் குழந்தைகளின் பெற்றோர், கைத்தடியோடு நடக்கும் முதியவர், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர், பார்வைக் குறைபாடு உடையவர், வேலைக்கு மிதிவண்டியில் போகும் தொழிலாளி, அந்தச் சாலையில் கடை வைத்திருப்பவர் என்று அவ்விடத்தைப் பல விதமாக அறிந்தவர்கள் சேர வேண்டும். கார் ஓட்டும் ஒருவரும் இருப்பது நல்லது. "இவர்கள் வாகனங்களுக்கு எதிரிகள்" என்ற குற்றச்சாட்டுக்கு அவரே பதிலாக இருப்பார்.

நடப்போரின் தேவையும் மிதிவண்டி ஓட்டுவோரின் தேவையும் எப்போதும் ஒன்றல்ல என்பதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இட நெருக்கடி வந்தால், நடைபாதையில் ஒரு கோட்டைக் கிழித்து மிதிவண்டிகளுக்குப் பாதி, நடப்போருக்குப் பாதி என்று பிரித்துக்கொடுக்கவே நிர்வாகம் விரும்பும். வாகன வழித்தடத்தைத் தொடாமல் இரு தரப்பையும் ஒரே நேரத்தில் சமாதானப்படுத்தும் உத்தி அது. முதியவர்களும் பார்வையற்றோரும் அத்தகைய பகிர்வை அஞ்சுவதில் நியாயம் உண்டு. மிதிவண்டிப் பாதைக்கான இடத்தை நடைபாதையிலிருந்து கேட்பதில்லை என்று குழு முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டால், பின்னால் பிளவு வராது.

விபத்தில் உறவை இழந்த குடும்பத்தினர் குழுவில் இணைந்தால் அவர்களுடைய சொல்லுக்கு நிகரான வலிமை வேறெதற்கும் இல்லை. ஆனால் எப்போது பேசுவது, என்ன பேசுவது, எந்தப் படத்தை வெளியிடுவது என்பதையெல்லாம் அவர்களே முடிவுசெய்ய வேண்டும். அவர்களுடைய துயரத்தை அவர்களிடம் கேட்காமல் பதாகையில் ஏற்றுவது, நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், செய்யத்தகாத செயல்.

நான்காம் படி: சான்றுகளைத் திரட்டுதல்

இந்தப் படிதான் குழுவின் உண்மையான பலம். அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அளவுநாடா, கைப்பேசி, தாள், பொறுமை ஆகியவை போதும்.

வேகத்தை அளப்பதிலிருந்து தொடங்கலாம். சாலையோரமாக 50 மீட்டர் நீளத்தை அளந்து, இரு முனைகளிலும் மரம், கம்பம் போன்ற ஏதேனும் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாகனம் அந்தத் தொலைவைக் கடக்கும் நேரத்தைக் கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரத்தில் அளந்து, 180-ஐ அந்த விநாடி எண்ணால் வகுத்தால், அதன் வேகம் மணிக்குக் கிலோமீட்டர் கணக்கில் கிடைக்கும். ஆறு விநாடி என்றால் 30 கி.மீ., நாலரை விநாடி என்றால் 40 கி.மீ., மூன்று விநாடி என்றால் 60 கி.மீ. நெரிசலில் ஊர்ந்து செல்லும் வாகனங்களை விட்டுவிட்டு, தடையின்றி வரும் 100 வாகனங்களையாவது அளந்து, வேக வரிசையில் அடுக்குங்கள். நூறு வாகனங்களில் கீழிருந்து 85-ஆவது வாகனத்தின் வேகத்தை, அதாவது 85 விழுக்காட்டு வேகத்தை, போக்குவரத்துப் பொறியாளர்கள் ஒரு முக்கிய அளவாகக் கருதுவார்கள். உங்கள் அறிக்கையில் அந்த எண் இருந்தால், அவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். அளக்கும்போது ஒளிரும் மேலங்கி அணிந்து சாலை விளிம்பில் நிற்காதீர்கள். காவல்துறை என்று எண்ணி ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அடுத்தது கடக்கும் நேரம். சிக்னல் நேரத்தைக் கணக்கிடும்போது, மனிதர் ஒரு விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. 14 மீட்டர் அகலமான சாலையைக் கடக்க, அந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 12 விநாடி போதும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ பதினேழரை விநாடி வேண்டும். ஐந்தரை விநாடிப் பற்றாக்குறையில் அவர் சாலையின் நடுவே மாட்டிக்கொள்கிறார். பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது, அடுத்த பச்சைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டையும் பல தடவை அளந்து எழுதுங்கள். காத்திருப்பு நீண்டால் மக்கள் சிவப்பிலேயே கடக்கத் தொடங்குவார்கள். அதை ஒழுங்கீனம் என்று பெயரிடுவதற்கு முன் அந்த நேரத்தைப் பார்க்க வேண்டும்.

நடப்போரையும் மிதிவண்டிகளையும் எண்ணும்போது, பள்ளி நேரம், அலுவலக நேரம், மாலை, விடுமுறை நாள் என்று வெவ்வேறு வேளைகளைத் தேர்ந்தெடுத்து, வயது, பால், சுமை, மாற்றுத்திறன் ஆகியவற்றைக் கண்டறிந்தவரை குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைவாக வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். மிதிவண்டிகள் குறைவு என்றால் அங்கே மிதிவண்டிப் பாதை தேவையில்லை என்று பொருளல்ல. அஞ்சி வராதவர்களை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை. எனவே அருகிலுள்ள வீடுகளிலும் பள்ளியிலும், "பாதுகாப்பாக இருந்தால் நடந்தோ மிதிவண்டியிலோ வருவீர்களா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்.

இவற்றோடு ஒரு நடை ஆய்வும் நடத்துங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர், குழந்தைத் தள்ளுவண்டியோடு ஒருவர், பார்வையற்ற ஒருவர், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஆகியோருடன் அந்த அரை கிலோமீட்டரை நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே முடிந்துபோகிறது, மின்மாற்றி எங்கே வழியை அடைக்கிறது, சாய்தளம் இல்லாத விளிம்புக்கல் எது, இரவில் எந்த விளக்கு எரிவதில்லை, நிறுத்திவைத்த வாகனத்துக்குப் பின்னால் சிறுவன் எங்கே மறைந்துபோகிறான் என்பதையெல்லாம் இடம், நேரம், படம் ஆகியவற்றோடு பதிவுசெய்யுங்கள். முடிந்தால் சம்பந்தப்பட்ட பொறியாளரையும் அழையுங்கள். சக்கர நாற்காலிக்குப் பின்னால் நூறு மீட்டர் நடந்த பொறியாளருக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. படங்களில் முகங்களும் வண்டி எண்களும் தெரிந்தால், வெளியிடும் முன் அவற்றை மறைத்துவிடுங்கள்.

விபத்துப் பதிவுகளையும் கேட்டுப் பெறுங்கள். தகவல் பெறும் உரிமையைச் சட்டம் தரும் நாடுகளில் அச்சட்டத்தின்கீழ், கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த இடத்தில் பதிவான மோதல்களின் நாள், நேரம், வகை, காயத்தின் தன்மை ஆகியவற்றைக் கேட்கலாம். பெயர்கள் தேவையில்லை. சிறு காயங்களும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களும் காவல்துறைப் பதிவில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவற்றைக் கடைக்காரர்களும் பள்ளிக் காவலாளியும் நன்கறிவார்கள்.

ஐந்தாம் படி: சிக்கலைக் கோரிக்கையாக மாற்றுதல்

சான்று கையில் வந்ததும், என்ன கேட்பது என்று முடிவுசெய்ய வேண்டும். தீர்வை வரைய வேண்டியது பொறியாளர்தான் என்றாலும், எந்தச் சிக்கலுக்கு எத்தகைய தீர்வுகள் உள்ளன என்று அறியாமல் போனால், கிடைப்பதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.

சாலை அகலமாக இருந்து கடப்பது கடினமாக இருந்தால், நடுவில் ஒரு காத்திருப்புத் திட்டைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு திசை வாகனங்களை மட்டும் கவனித்தால் போதும் என்ற நிலை அதனால் உண்டாகும். தள்ளுவண்டியோ மிதிவண்டியோ முழுதாக உள்ளே நிற்க அத்திட்டு ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். திருப்பத்தில் வாகனங்கள் வேகம் குறையாமல் வளைந்தால், முனையின் வளைவைக் கூர்மையாக்கும்படி கேளுங்கள். நடப்போர் சாலையைக் கடக்கும் இடமான கடவைக்கு அருகில் நிறுத்தப்படும் வாகனங்கள் பார்வையை மறைத்தால், அந்தச் சில மீட்டர்களில் நிறுத்தத்தை நீக்கி, அங்கே கம்பங்களோ மிதிவண்டி நிறுத்தமோ அமைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ஹோபோக்கன் என்ற சிறு நகரம் இந்த எளிய வேலையைச் சந்திப்புதோறும் செய்தது. வேறு நடவடிக்கைகளும் சேர, 2017-க்குப் பின் பல ஆண்டுகள் தொடர்ந்து அங்கே சாலை மரணமே நிகழவில்லை. சிக்னல் உள்ள இடத்தில், வாகனங்களுக்குப் பச்சை வருவதற்கு 3 முதல் 7 விநாடி முன்பே நடப்போருக்குப் பச்சை தரச் சொல்லலாம். அதற்கு நேர அமைப்பை மாற்றினால் போதும், தோண்ட வேண்டியது ஒன்றுமில்லை. கடவையையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால், வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும், நடப்பவர் அல்ல.

மிதிவண்டிக்கு வெறும் வண்ணக் கோட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கோட்டுக்குள் கார் நிற்கும், பேருந்து நுழையும், மிதிவண்டி அவற்றைச் சுற்றிக்கொண்டு வாகனங்களுக்கு நடுவே போகும். வேகமும் நெரிசலும் உள்ள சாலையில் திட்டோ விளிம்புக்கல்லோ பிரிக்கும் தனிப்பாதைதான் குழந்தையையும் முதியவரையும் மிதிவண்டியில் ஏற்றும். அந்தப் பாதை நடுவில் அறுந்துபோகாமல் இருப்பதும் முக்கியம். ஸ்பெயினின் செவில் நகரம் 2006-ஐ ஒட்டிய குறுகிய காலத்துக்குள் ஒன்றோடொன்று இணைந்த, பிரிக்கப்பட்ட பாதைகளை ஏறத்தாழ 80 கி.மீ. நீளத்துக்கு அமைத்தது, அதுவரை அங்கே அரிதாக இருந்த மிதிவண்டிப் பயணம் சில ஆண்டுகளில் பல மடங்காகியது. துண்டு துண்டாக, ஆண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் வீதம் அமைத்திருந்தால் இந்த விளைவு கிடைத்திருக்காது.

நடைமேம்பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடப்போரின் பாதுகாப்பு என்றதும் பல நிர்வாகங்கள் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். பெரிய தொகை, பெரிய கட்டுமானம், திறப்பு விழா என எல்லாம் அதில் உண்டு. வாகனம் நிற்காமல் போவதற்காக, நடப்பவரை இரண்டு மாடி உயரம் ஏற்றி இறக்கும் ஏற்பாடு அது. மூட்டு வலி உள்ளவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் சுமை தூக்குபவரும் அதைப் பயன்படுத்த முடியாது. மின்தூக்கி வைத்தாலும் அது பழுதாகும். மற்றவர்கள் கீழேயே கடப்பார்கள், பிறகு அவர்களைத் தடுக்க வேலி வரும். வேகக் கட்டுப்பாட்டுக்கு இடமே இல்லாத விரைவுச் சாலை தவிர, ஊருக்குள் சாலை மட்டத்தில் கடக்கும் உரிமையையே கேளுங்கள்.

ஆறாம் படி: மனுவை எழுதுதல்

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சான்றுகள் இணைப்பாகப் போகட்டும். முறையீட்டின் நடை மரியாதையாகவும் நேரடியாகவும் இருக்க வேண்டும். குற்றஞ்சாட்டும் முதல் பத்தி, மனுவைப் படிப்பவரைத் தற்காப்பில் இறக்கிவிடும். கீழ்க்காணும் வடிவத்தை உங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"......... சாலையும் ......... சாலையும் சந்திக்கும் இடத்தின் வடக்குப் பக்கக் கடவையைக் காலை ...... மணி முதல் ...... மணி வரை ...... பேர் கடந்து செல்கின்றனர், அவர்களில்...... பேர் பள்ளிச் சிறுவர்கள். கடவையின் நீளம் ...... மீட்டர். பச்சை விளக்கு ...... விநாடி எரிகிறது, முதியவர்கள் கடக்க...... விநாடி தேவைப்படுகிறது. வாகனங்களின் 85 விழுக்காட்டு வேகம் மணிக்கு ...... கி.மீ. ஆகும், அனுமதிக்கப்பட்ட வேகம்...... கி.மீ. எனவே, பச்சை விளக்கின் நேரத்தை ...... விநாடியாக உடனடியாக உயர்த்துமாறும், நடுவில் இரண்டு மீட்டர் அகலமுள்ள காத்திருப்புத் திட்டு ஒன்றை இந்த நிதியாண்டுக்குள் அமைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். இக்கோரிக்கையின்மீது எடுக்கப்படும் முடிவை ......-ஆம் தேதிக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டுகிறோம்."

உடனே செய்யக்கூடிய ஒன்று, நிதி தேவைப்படும் ஒன்று என இரண்டை இணைத்துக் கேட்பதில் ஒரு நன்மை உண்டு. முதலாவது நிறைவேறினால் குழுவுக்கு ஊக்கம் கிடைக்கும். நிறைவேறாவிட்டால், செலவே இல்லாத மாற்றத்தைக்கூட ஏன் செய்யவில்லை என்று கேட்கும் நிலை உங்களுக்கு வரும். மனுவைக் கொடுத்ததற்கான ஒப்புகையை, நாளும் முத்திரையும் உள்ளதாக, தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அலுவலகத்தில் பேசுதல்

பொறியாளரைப் பார்க்க மூன்று பேர் போனால் போதும். நாற்பது பேர் போனால் அது போராட்டமாகிவிடும். போராட்டத்துக்கு விடையாக வாக்குறுதிதான் கிடைக்கும், வரைபடம் கிடைக்காது. பல பொறியாளர்கள் இதே மாற்றத்தை முன்பே விரும்பி, மேலிடத்து ஆதரவு இல்லாமல் கோப்பை மூடி வைத்திருப்பார்கள். "இதைச் செய்ய உங்களுக்கு என்ன தேவைப்படுகிறது?" என்று கேளுங்கள். மக்கள் பிரதிநிதியின் பரிந்துரைக் கடிதம், வேறொரு துறையின் தடையின்மைச் சான்று, அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒரு தலைப்பு என்று அவர் சொல்வதே உங்களுடைய அடுத்த மாத வேலைப்பட்டியல்.

மக்கள் பிரதிநிதியிடம் பேச்சு வேறு விதமாக அமையும். அவருக்கு வரைபடத்தைவிட, எத்தனை குடும்பங்கள் பயனடையும், எதிர்ப்பவர் யார், எப்போது திறக்கலாம் என்பவை முக்கியம். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று கேள்விகளுக்கும் விடையோடு போனால் போதும். நிதிநிலை அறிக்கை தயாராவதற்குச் சில மாதங்கள் முன்பே சந்திப்பது நல்லது. சாலை மறுசீரமைக்கப்படும் அல்லது குழாய் பதிக்கத் தோண்டப்படும் திட்டம் இருந்தால், அதுவே மிகச் சிறந்த தருணம். ஏற்கெனவே பெயர்க்கப்படும் சாலையில் ஒரு திட்டைச் சேர்ப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறியது.

சந்திப்பு முடிந்த அன்றே, "இன்று தாங்கள் தெரிவித்தபடி" என்று தொடங்கி, பேசியவற்றையும் அவர் ஒப்புக்கொண்ட தேதிகளையும் கடிதமாக அனுப்பிவிடுங்கள். வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்த மறுப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். தலையசைப்புக்குச் செய்ய முடியாது.

எட்டாம் படி: எதிர்ப்பை எதிர்கொள்ளுதல்

எதிர்ப்பு வரும், அதுவும் பெரும்பாலும் திட்டம் உறுதியான பிறகுதான் வரும். வாகன நிறுத்தம் போனால் வியாபாரம் போகும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவார்கள். அவர்களை எதிரிகளாகக் கருதாமல், மனுவை எழுதும் முன்பே சந்தித்து, வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்பதை அவர்கள் கடை வாசலிலேயே சேர்ந்து எண்ணிப் பாருங்கள். சரக்கு இறக்க ஓரிடத்தைத் திட்டத்திலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். மீதமுள்ள அச்சத்துக்கு நல்ல மருந்து, தற்காலிகச் சோதனை. நியூயார்க்கில் 2009-இல் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை வாகனங்களுக்கு அடைத்தபோது, பெரிய கட்டுமானம் எதுவும் செய்யாமல், தடுப்புகளையும் மடக்கு நாற்காலிகளையும் போட்டுத்தான் தொடங்கினார்கள். விளைவுகளை அளந்து பார்த்த பிறகு, அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்கினார்கள். சோதனை என்று கேட்கும்போது, முன்னும் பின்னும் எவற்றை அளப்பது, எத்தனை மாதம் வைப்பது என்பதை எழுத்தில் முடிவுசெய்துவிடுங்கள். இரண்டு வாரச் சோதனையை ஏற்காதீர்கள்; ஓட்டுநர்களின் பழக்கம் மாறுவதற்குள் அது முடிந்து, குழப்பத்தை மட்டும் பதிவுசெய்துவிடும்.

எதிர்ப்பின் ஓசையைக் கண்டு அதன் அளவை முடிவுசெய்ய வேண்டாம் என்பதற்கு வேல்ஸ் நாடு ஓர் உதாரணம். அங்கே 2023 செப்டம்பரில் குடியிருப்புப் பகுதிச் சாலைகளின் பொதுவான வேக வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது ஏறத்தாழ 32 கி.மீ.-ஆகக் குறைக்கப்பட்டபோது, எதிர்த்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டனர். அரசு சில சாலைகளை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது, ஆனால் விதியைக் கைவிடவில்லை. அடுத்த ஓராண்டில் அத்தகைய சாலைகளில் பதிவான காயங்களும் இறப்புகளும் குறைந்தன.

ஒன்பதாம் படி: பொதுவெளியில் அழுத்தம் கொடுத்தல்

கடிதங்களுக்குப் பதில் வராதபோதுதான் இந்தப் படி. இதற்கு உலகில் பல முன்மாதிரிகள் உள்ளன. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1974-இல் மிதிவண்டி ஆர்வலர்கள் தொடங்கிவைத்த வாகனமில்லாச் சாலை நாள், இன்று ஞாயிறுதோறும் 100 கி.மீ.-க்கும் மேற்பட்ட சாலைகளை மக்களுக்குத் திறந்துவிடுகிறது. மிதிவண்டி ஓட்டியவர் இறந்த இடத்தில் வெள்ளை வண்ணம் பூசிய மிதிவண்டியை நிறுத்தும் வழக்கம், 2003-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கி உலகெங்கும் பரவியது. நவம்பர் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, சாலை விபத்தில் இறந்தோரை நினைவுகூரும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் அவையால் ஏற்கப்பட்டுள்ளது. அமைதி ஊர்வலத்துக்கும் செய்தியாளர் சந்திப்புக்கும் ஏற்ற நாள் அது.

எதைச் செய்தாலும் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். இரவோடு இரவாகக் கடவைக் கோடுகளைத் தாமே வரைந்தவர்கள் பல நாடுகளில் செய்தியில் இடம்பெற்றிருக்கிறார்கள். ஆனால் சட்டச் சிக்கல் ஒருபுறமிருக்க, பொறியியல் சரிபார்ப்பு இல்லாத கோட்டை நம்பி ஒரு குழந்தை இறங்கினால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது? செய்தியாளர்களிடம் பேசும்போது கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். துயரக் கதை முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு, கோரிக்கை இல்லாமலேயே செய்தி அச்சாகிவிடுவதுண்டு.

பத்தாம் படி: பணியைக் கண்காணித்தல்

ஒப்புதல் கிடைத்தவுடன் இனிப்பு வழங்கிக் கலைந்துவிடும் குழுக்கள், வரைபடத்தில் இரண்டு மீட்டராக இருந்த திட்டு களத்தில் ஒரு மீட்டராகச் சுருங்குவதைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தப்புள்ளியோடு வெளியாகும் வரைபடத்தின் நகலை வாங்கி, வேலை நடக்கும்போது அளவுநாடாவோடு போய்ப் பாருங்கள். சாய்தளத்தின் அடியில் இரண்டு அங்குலப் படி விடப்பட்டிருக்கிறதா, மழைநீர் வடிகால் மூடி மிதிவண்டிச் சக்கரம் சிக்கும் திசையில் வைக்கப்பட்டிருக்கிறதா, தோண்டிய பள்ளத்தைச் சுற்றி நடப்போருக்கு மாற்று வழி உண்டா என்பவற்றைக் கான்கிரீட் இறுகும் முன் சொன்னால் திருத்துவது எளிது. பணி முடிந்த மூன்றாம் மாதத்திலும் ஓராண்டு கழித்தும் அதே இடத்தில், அதே முறையில், அதே நேரத்தில் வேகத்தையும் எண்ணிக்கையையும் மறுபடி அளந்து, முடிவு எப்படி இருந்தாலும் வெளியிடுங்கள்; வேகம் குறையவில்லை என்றால் அதையும் சொல்லி அடுத்த திருத்தத்தைக் கேளுங்கள்.

அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், குழுவிலிருந்தும் சிலர் ஊர் மாறிப் போவார்கள். ஆகவே அளவீட்டுத் தாள்கள், படங்கள், ஒப்புகைகள், கடிதப் போக்குவரத்து, வரைபடங்கள், சாலை உரிமை விவரம் ஆகிய அனைத்தும் நாள் வரிசையில் ஒரே கோப்பாகத் தொகுக்கப்பட்டு, குறைந்தது மூவரிடம் நகலாக இருக்கட்டும். புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரியை முதல் மாதத்திலேயே சந்தித்து, அந்தக் கோப்பின் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் இன்னும் முடியாத பணிகளின் பட்டியலையும் அவரிடம் கொடுத்து, அதற்கும் ஓர் ஒப்புகை வாங்கி வாருங்கள்.